இருவருக்கும் கொலஸ்ட்ரால், மாத்திரை ஒருவருக்குத்தான்

கேள்வி: டாக்டர், மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 49 வயது, எனக்கு 46. அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் விடாமல் சொன்னதால் இருவரும் ஒரே நாளில் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டோம். அவருக்குக் கொலஸ்ட்ரால் 242, எனக்கு 238. டாக்டர் அவருக்கு மட்டும் அடோர்வாஸ்டாடின் 20 எழுதிக் கொடுத்தார். எனக்கு மாத்திரை இல்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றுவிட்டார். இவர் 23 நாள் சாப்பிட்டார். பிறகு வலது கெண்டைக்கால் வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் வலி கொஞ்சம் இருக்கிறது. இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும், சுகரைக் கொண்டுவரும், எல்லாம் கம்பெனிக்காரர்களின் வியாபாரம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது; அதைத்தான் தினமும் எனக்குப் போட்டுக் காட்டுகிறார். டெஸ்டுக்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டதால்தான் அளவு கூடிவிட்டது என்றும் சொல்கிறார். சிகரெட்டை இரண்டு வருடம் முன்பு விட்டுவிட்டார், எப்போதாவது குடிப்பார். என் மாமனார் 52 வயதில் மாரடைப்பில் போனவர், அதனால் எனக்குப் பயம். எனக்கும் ஆறு மாதமாக அசதி, எடை நாலு கிலோ ஏறிவிட்டது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், வயசாகிறது போல. நாங்கள் சமைப்பது தேங்காய் எண்ணெயில்தான். அதை விட வேண்டுமா? அவர் ரிப்போர்ட்டில் விஎல்டிஎல் என்பதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது என்ன? இன்னொன்று: ஒரு அட்டை மாத்திரை மீதி இருக்கிறது. எனக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதானே, வீணாக்காமல் நான் சாப்பிடலாமா? இரண்டு ரிப்போர்ட்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாதீர்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பத்திரமாக எடுத்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 242, 238. நான்குதான் வித்தியாசம். அது ஒரு வித்தியாசமே இல்லை. எந்த மருந்தும் இல்லாமல், சாப்பாட்டையும் மாற்றாமல், ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் இது 5, 10 சதவீதம் ஏறி இறங்கும். மறுவாரம் எடுத்திருந்தால் உங்களுக்கு 242, அவருக்கு 238 என்றுகூட வந்திருக்கலாம். அப்படியிருந்தும் உங்கள் டாக்டர் ஒருவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மற்றவரைச் சும்மா அனுப்பினார் என்றால், அவர் முதல் வரியோடு நிற்காமல் கீழே உள்ள வரிகளையும் படித்திருக்கிறார். அவர் செய்தது சரி. ஏன் என்று விளக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. வெளியே நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள். அந்த வேலையை நான் செய்கிறேன்.

கொலஸ்ட்ரால் ஒரு கொழுப்பு. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சமைக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் உடம்பு இந்தக் கொழுப்பைப் புரதத்தில் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. எல்டிஎல், ஹெச்டிஎல், விஎல்டிஎல் என்பதெல்லாம் இந்த உருண்டைகளின் வகைகள். இவற்றில் முக்கியமாக எல்டிஎல்தான் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் அது சேரச் சேர, அந்த இடம் புண்போல வீங்கி, தடித்து, ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட். மொத்தம் 242, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 198, விஎல்டிஎல் 39.6, எல்டிஎல் 166. ஒரு சின்ன ரகசியம் சொல்கிறேன். பெரும்பாலான லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல். மொத்தத்திலிருந்து அதையும் ஹெச்டிஎல்லையும் கழித்தால் எல்டிஎல். 198-ஐ ஐந்தால் வகுத்தால் 39.6. 242-லிருந்து 36 போனால் 206, அதிலிருந்து 40 போனால் 166. கடைக் கணக்குப் போடுகிறவருக்கு இது ஒரு நிமிட வேலை, அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விஎல்டிஎல்லுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அது டிரைகிளிசரைடின் நிழல்தான், அதற்கென்று தனிக் கவலை வேண்டாம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்க வேண்டும்.

நடுவில் வந்த அந்த 206-ஐக் குறித்து வையுங்கள். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல் போக மீதி. குழாய்ச் சுவரில் தங்கக்கூடிய எல்லா உருண்டைகளும் அதற்குள் அடக்கம். டிரைகிளிசரைடு கூடியும் ஹெச்டிஎல் குறைந்தும் இருப்பது நம் ஆட்களிடம் சர்வசாதாரணம். அவர்களிடம் எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் ஆபத்து குறைவாகத் தெரியும், இந்த எண் ஏமாற்றாது. பல லேப்கள் இதை அச்சடிப்பதே இல்லை. நாமே கழித்துக்கொள்ளலாம்.

சரி, கல்யாணச் சாப்பாடு. அவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. விருந்து, பாயசம், அதோடு 'எப்போதாவது' என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பழக்கம், இவை எல்லாம் சேர்ந்து டிரைகிளிசரைடை ஒரே ராத்திரியில் ஏற்றிவிடும். அந்த 198 இன்னொரு நாள் 160 ஆக இருந்திருக்கலாம். ஆனால் எல்டிஎல் ஒருநாள் விருந்துக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. அது பல மாதங்களின் கணக்கு. (எப்போதாவது என்பது வாரத்துக்கு எத்தனை தடவை என்று அவரே விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். எனக்கு எழுத வேண்டாம்.)

ரிப்போர்ட்டின் மற்ற பக்கங்களுக்கு வருகிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 6.1. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசல்படியில் நிற்கிறது. ரத்த அழுத்தம் 138/88. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90 தாண்டினாலே தொப்பைக் கணக்கு. இரண்டு வருடம் முன்புவரை சிகரெட். விட்டது பெரிய விஷயம், பாராட்டுகிறேன், அதனால் ஆபத்து இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனாலும் பிடித்த வருடங்களின் தடம் உடனே அழியாது. எல்லாவற்றுக்கும் மேல் அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்திருக்கிறார். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், அதைக் குடும்பத்தில் ஓடும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்வோம்.

இவை தனித்தனியே பார்த்தால் எதுவும் பயங்கரமில்லை. 166 என்ற எல்டிஎல்லும் பயங்கரமில்லை. ஆனால் இவை ஒன்றோடொன்று கூட்டிக்கொள்வதில்லை, பெருக்கிக்கொள்கின்றன. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்று வந்தது. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. உங்கள் வீட்டுக்காரருக்கு 49 ஆகிறது. அவருடைய அப்பாவின் வயதுக்கு இன்னும் மூன்று வருடம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

லேப் பேப்பரில் ஓரமாக அச்சடித்திருக்கும் 'இயல்பான அளவு' எல்லோருக்கும் ஒன்றுதான். இருபது வயதுப் பையனுக்கும் அதே, ஸ்டென்ட் வைத்த தாத்தாவுக்கும் அதே. நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. இந்திய இதய மருத்துவர்கள் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைந்தவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே இருந்தால் போதும். ஆபத்து கூடியவருக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரைப் போல மிகக் கூடுதலான ஆபத்தில் இருப்பவருக்கு 55. உங்கள் வீட்டுக்காரரை நான் இரண்டாவது வரிசையில்தான் வைப்பேன். 166-லிருந்து 70-க்கு நடையாலும் சாப்பாட்டாலும் மட்டும் இறங்க முடியாது. அவை 10, 15 சதவீதம் இறக்கும், நன்றாக முயன்றால் இன்னும் கொஞ்சம். மீதிக்கு மாத்திரை வேண்டும்.

அடோர்வாஸ்டாடின் 20 எல்டிஎல்லை ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கும். 166 சுமார் 100-க்கு வரும். இலக்கை எட்டாது, உண்மைதான். ஆனால் 40 மில்லிகிராமுக்கு ஏற்றினால் இரட்டிப்பாக இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதனால் தேவைப்பட்டால் எசெடிமைப் என்று இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர் மாத்திரைக்குத் திரும்ப வர வேண்டும்.

எல்டிஎல் சுமார் 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. அவருக்கு 65 குறைந்தால் ஆபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு பேச்சுக்கு, அவரைப் போன்ற 100 பேரில் பத்து வருடத்தில் 15 பேருக்கு மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டால் அது 10 ஆகும். ஐந்து பேர் தப்பிப்பார்கள். 85 பேருக்கு மாத்திரை இல்லாமலும் வந்திருக்காது, 10 பேருக்கு மாத்திரை சாப்பிட்டும் வரும். அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. மாத்திரைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஐந்தை மட்டும் சொல்வார்கள், வீடியோக்காரர்கள் 85-ஐ மட்டும் சொல்வார்கள். நான் மூன்றையும் சொல்லிவிட்டேன்.

கெண்டைக்கால் வலிக்கு வருகிறேன். நோயாளிகள் இந்த மாத்திரையை நிறுத்துவதற்குச் சொல்லும் முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஸ்டாடினால் (அடோர்வாஸ்டாடின் சேர்ந்த மருந்துக் குடும்பத்தின் பெயர் அது) தசைவலி வருவது உண்மை. சிலருக்கு வருகிறது. ஆனால் அது வரும் விதம் ஒன்று உண்டு. பொதுவாக இரண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், சில சமயம் இரண்டு கெண்டைக்கால்களிலும். ஆரம்பித்த அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் தொடங்கும். நிறுத்தினால் இரண்டு, மூன்று வாரத்தில் போய்விடும். உங்கள் வீட்டுக்காரருக்கு வலது காலில் மட்டும் வலி. காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை கடையில் நிற்கிறவர், அரிசி மூட்டை இறக்குகிறவர். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் வலி 'கொஞ்சம் இருக்கிறது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குற்றவாளி மாத்திரை இல்லை என்றே தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நடக்கும்போது மட்டும் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயிலேயே அடைப்பு இருக்கலாம். முன்பு சிகரெட் பிடித்தவர் என்பதால் கேட்கிறேன். பாத நாடியை டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும். அந்த அடைப்பு இருந்துவிட்டால், எந்த மாத்திரையை வலிக்குப் பயந்து நிறுத்தினாரோ அது அவருக்கு இன்னும் அவசியமாகிவிடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, 2020-இல் வெளிவந்தது. வலி தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 12 புட்டிகள். நான்கில் ஸ்டாடின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு காலி. மாதத்துக்கு ஒன்று, வரிசை கலந்து. மாத்திரைப் புட்டிகளில் எது எது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. தினமும் அவதி எவ்வளவு என்று கைப்பேசியில் மார்க் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! வலி பொய்யில்லை, அவர்கள் நிஜமாகவே அவதிப்பட்டார்கள். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலிருந்து வந்திருக்கிறது. முடிவைக் காட்டியபின் பாதிப் பேர் மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறவருக்கு இது பொருந்தும் என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நீங்களே பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்காக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கச் சொல்லவில்லை. மறுபடி ஆரம்பித்தபின் இரண்டு தொடையும் வலித்தால், அல்லது உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமமாக இருந்தால், டாக்டரிடம் போய், தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தைராய்டும் வைட்டமின் டியும் பார்க்கலாம். அவை குறைந்தாலும் தசை வலிக்கும். டோஸைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். வழி பல இருக்கிறது. ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: கடுமையான தசைவலியோடு சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பத்தாயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத அபூர்வம் அது, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சளிக்கும் இருமலுக்கும் வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லட்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் அடோர்வாஸ்டாடினோடு சேர்ந்தால் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சுகர் வரும் என்பதும் முழுப் பொய் இல்லை. 91,000 பேரைக் கொண்ட 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 255 பேர் நான்கு வருடம் ஸ்டாடின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று தெரிந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஏற்கெனவே வாசல்படியில் நின்றவர், அதாவது உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர். மறைக்க விரும்பவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு நாம் பயப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணமே அது மாரடைப்பைக் கொண்டுவரும் என்பதுதான். சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு முதலில் எழுதும் மருந்துகளில் ஒன்று இதே ஸ்டாடின். மூன்று மாத சராசரியை வருடம் இரண்டு தடவை பார்த்தால் போதும். ஐந்து கிலோ எடை குறைத்தாரென்றால் மாத்திரை ஏற்றுவதைவிட அதிகமாகவே அது இறங்கும்.

ஈரல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை ஈரல் பரிசோதனை செய்கிறோம். அதில் வரும் எஸ்ஜிபிடி என்ற அளவு அவருக்கு 52, லேசாகக் கூடுதல். தொப்பையோடு சேர்த்துப் பார்த்தால் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கு ஸ்டாடின் தடையில்லை. இயல்பின் உச்ச அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்தி யோசிப்போம். அவர் ஈரலைப் பற்றி அக்கறைப்பட வேண்டியது அந்த 'எப்போதாவது' விஷயத்தில்.

கம்பெனி வியாபாரம் என்கிறாரே, அதற்கு ஒரு கதை. ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலின் பூஞ்சையிலிருந்து கிடைத்ததைப் போல, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளும் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி ஏறக்குறைய 6,000 வகைகளைத் தேடினார். 1973-இல் அது கிடைத்தது, அதுதான் முதல் ஸ்டாடின். எங்கிருந்து தெரியுமா? கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடையின் அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து. உங்கள் வீட்டுக்காரரும் அரிசி விற்கிறவர்தானே, சொல்லிப் பாருங்கள், ரசிப்பார். கம்பெனிகள் இதில் கோடிகோடியாகச் சம்பாதித்தது உண்மை. ஆனால் அடோர்வாஸ்டாடினின் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது எந்தக் கம்பெனியும் செய்யலாம். மக்கள் மருந்தகத்தில் பெயரைச் சொல்லிக் கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவர் ஒருநாள் டீக்கடையில் செலவழிப்பது அதைவிட அதிகமாக இருக்கும்.

ஆயுள் முழுக்கவா என்றால், ஆமாம், பெரும்பாலும். பழக்கமாகிவிடும் என்பதால் அல்ல. மாத்திரை, ஈரல் கொலஸ்ட்ரால் செய்வதை மட்டுப்படுத்துகிறது. தட்டுப்பாடு வந்ததும் ஈரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும், அவ்வளவுதான். டெஸ்டில் நார்மல் வந்துவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நார்மல் வந்ததே மாத்திரையால்தான் என்பது மறந்துபோகிறது. அடோர்வாஸ்டாடினை ராத்திரிதான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

இனி தேங்காய் எண்ணெய். உங்கள் ஊர்க்காரர்களிடம் இதைப் பேசுவது கத்தி மேல் நடப்பது போல. எங்கள் தாத்தா 90 வயதுவரை அதில்தான் சாப்பிட்டார் என்பார்கள். தாத்தா வயலில் இறங்கி வேலை பார்த்தார், கடையில் உட்கார்ந்து ஏத்தங்காய் சிப்ஸ் கொறிக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 15 சதவீதம்தான், கடலை எண்ணெயில் 20-க்குள். நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும். செக்கில் ஆட்டினாலும் ஏற்றும். தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்டிஎல் சராசரியாகப் பத்துப் புள்ளி கூடுகிறது. முழுக்க விட வேண்டாம். அவியலுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் பச்சையாக ஊற்றாவிட்டால் அது அவியலே இல்லை, எனக்கும் தெரியும். அதை வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பதையும் பொரிப்பதையும் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றுங்கள். மீன் குழம்புக்கு அரைக்கும் தேங்காயைப் பாதியாக்குங்கள். எந்தச் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டிலாவது 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருந்தால் அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது, பாமாயிலிலும் இல்லை. ஆனால் பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

முட்டையில் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது, சாப்பாட்டிலிருந்து வருவது குறைவு. தினம் ஒன்று சாப்பிடட்டும். சாளை, அயிலை தாராளமாக, குழம்பு வைத்து, பொரித்து வேண்டாம். அவருடைய டிரைகிளிசரைடுக்கும் சர்க்கரைக்கும் முட்டையைவிடப் பெரிய காரணம் மரச்சீனிக் கிழங்கும், மூன்று வேளைச் சோறும் புட்டும், கடைக்கு வரும் பழம்பொரியும்தான். பூண்டும் கொள்ளும் சாப்பிடட்டும், ருசியானவை, ஆனால் 166-ஐ 70 ஆக்காது. மருதம்பட்டைக் கஷாயம் குடிக்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

இப்போது உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதிவிட்டு, உங்களைப் பற்றி நடுவில் ஒரே வரி: 'எனக்கும் ஆறு மாதமாக அசதி, எடை நாலு கிலோ ஏறிவிட்டது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், வயசாகிறது போல.' அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

உங்கள் மொத்தம் 238. ஹெச்டிஎல் 58, டிரைகிளிசரைடு 110, எல்டிஎல் 158. சர்க்கரை 92, ரத்த அழுத்தம் 116/74. புகையில்லை, குடும்பத்தில் யாருக்கும் இளவயது மாரடைப்பில்லை, 78 வயதில் அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறார். உங்கள் எல்டிஎல்லுக்கும் அவருடையதுக்கும் எட்டுதான் வித்தியாசம், ஆனால் சுற்றி நிற்கும் எதுவும் உங்களிடம் இல்லை. அதனால் இன்றைக்கு மாத்திரைக்கு அவசரமில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, 158 ஏன் வந்தது என்பது. நீங்கள் எடுத்த பாக்கேஜில் தைராய்டு இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஈரல் எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேகம் குறையும், ரத்தத்தில் அது தேங்கும். நீங்கள் சொன்ன அசதி, எடை, முடி, மலச்சிக்கல் எல்லாமே அதன் அறிகுறிகளாக இருக்கலாம். மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனை பாருங்கள். கூடவே ஹீமோகுளோபினும். தைராய்டு குறைவு என்று வந்து, அதற்கான மாத்திரையை ஆரம்பித்து அளவு சரியானபின் கொலஸ்ட்ராலை மறுபடி பார்த்தால், பலருக்கு எல்டிஎல் தானாகவே இறங்கியிருக்கும். மாறாக, தைராய்டு குறைவைக் கவனிக்காமல் ஸ்டாடினை விழுங்கினால் தசை பாதிப்புக்கான வாய்ப்பு கூடும். அந்த அட்டையைத் தொடாதீர்கள் என்று முதல் வரியிலேயே அவசரமாகச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

தைராய்டு நார்மல் என்று வந்தால், சமையலறை மாற்றங்களோடு மூன்று மாதம் போகட்டும், பிறகு மறுபடி ரத்தம் பார்க்கலாம். மாதவிடாய் நிற்கும் வயது நெருங்கும்போது பெண்களுக்கு எல்டிஎல் ஏறுவதும் உண்டு. அந்த ரிப்போர்ட்டோடு எனக்கு எழுதுங்கள்.

அவரை இந்த வாரம் அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கால் நாடி, சிகே, இரண்டையும் பார்த்துவிட்டு, சரியென்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ஒரு லிப்பிட் டெஸ்ட். அதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. டிரைகிளிசரைடு எகிறியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அப்போது லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் போன்ற இன்னொரு உருண்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருதரம் பார்த்தால் போதும். 52 வயதில் போன அப்பாவிடமிருந்து அது இவருக்கு வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடுதலாக இருந்தால் உங்களை செக்கப்புக்கு அழைத்துப்போன மகளுக்கும் பார்க்க வேண்டும்.

அந்த அட்டையில் எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணி, காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள்.